சூட்கேஸில் வராத தேயிலை

நான் உங்களுக்கு விற்ற தேயிலை கொழும்பிலிருந்து சூட்கேஸில் வந்ததல்ல. இங்கே மொன்றியலில், லாசாலில் உள்ள ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில், பட்டப்பகலில், வரி கட்டி வாங்கியது.

கடத்தி வந்த பொருளை நேர்மையானது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நான் நேர்மையான பொருளைக் கடத்தி வந்தது என்று சொல்லி விற்றேன். இப்படி ஒரு கேவலத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

என்னை உங்களுக்குத் தெரியும். நோத்ர-டாம்-த-கிரேஸில், மூன்றாம் மாடியில், வீட்டில் மிளகாய்த்தூள் வறுத்து விற்கிற சாந்தி. தூளில் நான் ஒரு கலப்படமும் செய்ததில்லை. அதைச் சொல்லித் தப்பப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். தேயிலையைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஆரம்பம் சின்னது. எதிர் வீட்டு வசந்தி அக்கா ஊருக்குப் போய்வந்தபோது எனக்கு இரண்டு பக்கெட் தேயிலை தந்தா. அதில் ஒன்றைத் தூள் வாங்க வந்த ஒருத்திக்குக் கொடுத்தேன். அவள் திரும்பி வந்து இன்னும் கேட்டாள். என்னிடம் இருந்தது லாசால் தேயிலைதான். அதைக் கட்டிக் கொடுத்தேன்.

"இதுவும் வசந்தி அக்கா கொண்டுவந்ததோ?" என்றாள். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான்.

அடுத்த கிழமை அவள் தன் தங்கையோடு வந்தாள். "அக்கா, கடையிலை விக்கிறதெல்லாம் குப்பை. இதுதான் தேயிலை. சாயத்தைப் பாருங்கோ!" என்றாள். கடையில் விற்பதும் அதே கிடங்கிலிருந்து வருவதுதான்… எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. பிறகு ஆசை வந்தது.

அந்த நாட்களில் என் மகள் பள்ளிக்கூடத்துக்காகத் தேயிலையின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தாள். லாசாலுக்குப் போகிற வழியெல்லாம் காரில் அதே பேச்சு. முந்நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் தேயிலை பணக்காரர்களின் பொருளாக இருந்ததாம். ஒல்லாந்தர், சுவீடன்காரர், டென்மார்க்காரர் எல்லாரும் சீனாவில் வாங்கிக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்களாம். இங்கிலாந்தில் அதற்கு வரி ஏறிக்கொண்டே போனது. சில காலம் பொருளின் விலையை வரி தாண்டிவிட்டதாம். ஆகவே அந்தக் கப்பல்களின் தேயிலை இருட்டில் சிறு படகுகளில் இங்கிலாந்துக் கரைக்கு வந்தது. சட்டைக்குள் தைத்துக் கொண்டுபோனார்கள். தேவாலயத்தில் ஒளித்து வைத்தார்கள். பாதிரியும் குடித்தார், கூலிக்காரனும் குடித்தான். ஏழை வீட்டு அடுப்புவரை தேயிலை போய்ச் சேர்ந்தது அந்தக் கள்ளப் படகுகளால்தான்.

இதெல்லாம் எனக்குச் சுவையாக இருந்தது. ஆனால் என்னைக் கெடுத்தது அவள் கடைசியாகச் சொன்னது.

"அம்மா, இன்னும் ஒரு கூட்டம் இருந்தது. சாதாரணச் சாமானை வைச்சுக்கொண்டு, காதுக்குள்ள ரகசியமா 'இது ராத்திரிப் படகிலை வந்தது' எண்டு சொல்லி விப்பினமாம். சனம் போட்டி போட்டு வாங்குமாம்."

"விசர்ச் சனம்!" என்றேன்.

"மே வொயோன், அம்மா! நீங்கள் எண்டாலும் வாங்கியிருப்பீங்கள்" என்று பாதி பிரெஞ்சில் கண்டிக்கிற மாதிரிச் சொன்னாள் மகள்.

இல்லை, நான் வாங்கியிருக்க மாட்டேன். விற்றிருப்பேன். விற்றேன்!

அன்று முதல் கிடங்குப் பக்கெட்டைப் பிரித்து வெறும் பைகளில் போட்டேன். ஊர்ப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பிரவுன் டேப் ஒட்டினேன். உடுப்புகளுக்கு நடுவே நசுங்கி வந்த மாதிரி இருக்கட்டும் என்று அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன். ஆம், உட்கார்ந்தேன்! ஊரிலிருந்து வருகிற எந்தப் பெட்டியைத் திறந்தாலும் சோப்பு மணக்குமே… அந்த மணத்துக்காகச் சந்தனச் சோப்போடு சேர்த்து மூடி வைத்தேன். நீங்கள் மயங்கியது தேயிலைக்கு அல்ல. அந்தச் சோப்புக்கு!

யார் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டபோதெல்லாம் வசந்தி அக்காவின் பெயரைச் சொன்னேன். "அவவிட்டை மட்டும் கேட்டுடாதேங்கோ. எயார்போட்டிலை பிடிச்சிடுவாங்கள் எண்டு பயந்த ஆள்" என்றும் சொன்னேன். நீங்களும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வாங்கிப் போனீர்கள். ஒரு பெண் இரண்டு பெட்டியில் மொன்றியல் முழுவதற்கும் தேயிலை கொண்டுவர முடியுமா என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? ஒருவருக்குமா?

ஒருவருக்கு வேறொன்று தோன்றியிருக்கிறது. யாரோ சுங்கத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள்.

வசந்தி அக்கா அந்தமுறை போனது செத்துப்போன தகப்பனின் அந்தியேட்டிக் கிரியைக்கு. திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் அவரை மட்டும் தனியே அழைத்துப் போனார்கள். தேயிலை எங்கே, யாருக்கு விற்கிறாய், எவ்வளவு காலமாக விற்கிறாய் என்று கேட்டார்கள். பெட்டியில் இருந்தது ஒரே ஒரு பக்கெட். அடியில் தகப்பன் கடைசியாக உடுத்த வேட்டி. தோய்க்காமல், அவருடைய மணம் போய்விடக் கூடாது என்று மடித்து வைத்திருந்தது. கையுறை போட்ட ஒருத்தி அதை இரும்பு மேசைமேல் விரித்து உதறினாளாம்.

"அப்பாவை உதறின மாதிரி இருந்தது, சாந்தி" என்று என் குசினியில் உட்கார்ந்து அழுதா.

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்… எந்தத் தேயிலை என்று கேட்காதீர்கள்.

பிறகு வசந்தி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "மலர்தான் செய்தவள்."

மலர் எங்களோடு அதே மாடியில் இருந்தவள். அவள் வேலைக்குப் போன காலமெல்லாம் அவளுடைய மகள் அபியைக் கார்தெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்திலிருந்து கூட்டிவந்து சோறு ஊட்டி வளர்த்தது வசந்தி அக்காதான். அக்கா எந்த விமானத்தில் வருகிறா என்பது மலருக்குத் தெரியும். போகுமுன் இருவருக்கும் ஒரு சின்னச் சண்டை. தன் தாய் கொடுக்கும் பொதியைக் கொண்டுவரும்படி மலர் கேட்டாள். பெட்டியில் இடமில்லை என்றா அக்கா. அந்தக் கோபத்தில்தான் மலர் காட்டிக் கொடுத்தாள் என்று அக்கா முடிவு கட்டிவிட்டா.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "மலர் இல்லை. என்ரை வாய்" என்று நாலு சொல். ஏன் சொல்லவில்லை? பயமா? வியாபாரம் போய்விடுமென்றா? அக்கா என் முகத்தில் விழிக்க மாட்டா என்றா? எல்லாம்தான்! ஊரில் எல்லாரையும் முகத்துக்கு நேரே திட்டுகிற எனக்கு அந்த நாலு சொல் வரவில்லை.

மலர் வீட்டை மாற்றி ஆற்றுக்கு அப்பால் லொங்குய்ய் போய்விட்டாள். நான் தேயிலை விற்பதை நிறுத்தினேன். அது ஒன்றும் பெருமையில்லை.

வருடங்கள் போய்விட்டன. இப்போது அபிக்குக் கலியாணம். மணவறையில் தனக்குப் பக்கத்தில் வசந்தி அம்மா நிற்க வேண்டும் என்கிறாள். அக்கா போக மாட்டேன் என்கிறா.

இனியும் பொறுக்க முடியவில்லை. மெட்ரோ பிடித்து லொங்குய்ய் போனேன். மலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உடனே நம்பினாள்.

"எனக்கேன் சொல்லுறாய்? நான் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியுந்தானே. அவவிட்டைப் போய்ச் சொல்லு" என்றாள். கதவுவரைகூட வரவில்லை.

வசந்தி அக்காவிடம் போனேன். கிடங்கு, டேப், பத்திரிகைத் தாள் எல்லாம் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தா.

"அடி விசரி, ரெண்டு பெட்டியிலை இவ்வளவு தேயிலையோ? ஆர் நம்புவினம்?"

"எல்லாரும் நம்பினவை, அக்கா!"

"மலரைக் காப்பாத்த உன்ரை தலையிலை பழியைப் போடுறாய். உனக்கு வாய்தான் பொல்லாதது, மனம் தங்கம்."

தங்கமாம்! எனக்குச் சுவரில் முட்டவேண்டும் போல் இருந்தது. சோப்பு வைத்ததையும் சொன்னேன். அக்கா எழுந்து அலுமாரியிலிருந்து பத்திரிகைத் தாள் சுற்றிய ஒரு பக்கெட்டை எடுத்து வந்தா. யாரோ முன்பு அன்பளிப்பாகக் கொடுத்ததாம். விசேஷத்துக்கென்று வைத்திருக்கிறாவாம். என் டேப். நான் ஏறி உட்கார்ந்த பக்கெட்!

"மணந்து பார். இது பெட்டியிலை வந்த சாமான். நீ செய்து இப்பிடி வருமோ?"

மணந்து பார்த்தேன், என் சந்தனச் சோப்புதான். அக்கா அதைப் பிரித்துத் தேத்தண்ணி போட்டுத் தந்தா. குடித்தேன். வேறென்ன செய்ய?

அந்த இங்கிலாந்தில் கடைசியில் அரசு வரியைக் குறைத்ததாம். கடத்தலும் படுத்துவிட்டதாம். என்னுடைய பொய்யை எதைக் குறைத்து நிறுத்துவது?

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். சுங்கத்துக்குச் சொன்னது உங்களில் ஒருவர். நான் உங்களைத் திட்ட மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஆனால் அக்காவிடம் போய் ஒரு சொல் சொல்லுங்கள். நான் சொன்னால் தங்கம் என்கிறா. நீங்கள் சொன்னால் நம்புவா. கலியாணம் வருகிற மாதம்.

இதுவரை யாரும் தாமாகப் போய்ச் சொல்லவில்லை. நேற்று மட்டும் ஒருத்தி போன் எடுத்தாள்.

"சாந்தி அக்கா, அந்தச் சூட்கேஸ் தேயிலை திரும்ப வந்திட்டுதோ?"

"அது சூட்கேஸிலை வந்ததே இல்லை. லாசால் கிடங்குச் சாமான். நான் உங்களை ஏமாத்தினனான்" என்று கத்தினேன்.

மறுமுனையில் மெல்லிய சிரிப்பு.

"ஓம் ஓம், விளங்குது அக்கா. போனிலை கதைக்கக் கூடாதுதான். நான் நேரிலை வாறன்."