இரும்புக்காரி ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை

சாரல் விழுந்து குற்றாலத்தில் தண்ணீர் கொட்டத் தொடங்கினால் போதும், தென்காசியில் எங்களுக்கு ஒரு வீடு இருப்பது சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஞாபகம் வந்துவிடும். எண்பதுகளின் கடைசியில், நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடத்துச் சீசனுக்கு, சிங்கப்பூரிலிருந்து சித்தப்பாவும் வந்தார். வழக்கமாகத் தைலமும் டார்ச் லைட்டும் கொண்டுவருகிறவர், அந்தத் தடவை டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

அதில் இருந்தது ஒரே விளையாட்டு. பூமிக்கடியில் பெரிய சுரங்கம். அதற்குள் தன்னந்தனியாக இறங்கிச் சண்டை போடும் ஓர் இயந்திரப் பெண். திரையில் வந்த எழுத்து யாருக்கும் புரியாததால் அவளுக்கு நாங்களே இரும்புக்காரி என்று பெயர் வைத்தோம். வழியெல்லாம் பூட்டிய கதவுகள். ஒரு கதவைத் திறக்க வேண்டுமானால் வேறெங்கோ ஒரு மூலையில் ஓர் அரக்கனை வீழ்த்தி, புது ஆயுதம் எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. மறுபடி முதலிலிருந்துதான்.

பாவூர்சத்திரத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன், என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன், பெட்டியைத் தன் சொத்தாகவே ஆக்கிக்கொண்டான். நான் கை நீட்டினால், "பொட்டப்புள்ளைக்குச் சண்டை எங்கட்டி தெரியும்? பாத்துக்கிட்டு இரு" என்பான். இரும்புக்காரியும் பொட்டப்பிள்ளைதானே என்று ஒரு நாள் கேட்டேன். மண்டையில் ஒரு குட்டு கிடைத்தது. அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துப் பார்த்து, பூகோள நோட்டின் கடைசிப் பக்கங்களில் சுரங்கம் முழுவதையும் வரைந்துவிட்டேன். அண்ணன் அடிப்பதில் சூரன், எந்தக் கதவை எங்கே விட்டுவந்தோம் என்பது மட்டும் அவன் மண்டையில் நிற்காது. என் நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு இரண்டு தடவை கடைசி அறைவரை போனான். இரண்டு தடவையும் அங்கிருந்த எட்டுக்கால் இயந்திரத்திடம் மிதிபட்டுச் செத்தான்.

சித்தப்பா கிளம்பும் நாள் நெருங்கியதும், பெட்டி யார் வீட்டுக்கு என்று எங்களுக்குள் அடிதடி ஆகிவிட்டது. அவர்தான் பஞ்சாயத்து செய்தார். "எட்டுக்காலன யாரு கொல்லுதாங்களோ அவங்களுக்குப் பெட்டி. ஞாயித்துக்கிழம சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். யாரும் கொல்லலன்னா மூத்தவனுக்கு." நான் தோற்றால் பெட்டி பாவூர்சத்திரத்துக்குப் பஸ் ஏறிவிடும் என்று அர்த்தம்.

ஞாயிறு காலை ஐந்தருவிக்குக் குளிக்கப் போக வாசலில் வேன் வந்து நின்றது. எப்படியும் பெட்டி தனக்குத்தான் என்ற தைரியத்தில் அண்ணன் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தான். நான் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டேன். திரும்பி வருகிற பதினைந்து பேருக்குச் சமைக்க வேண்டும் என்பதால் அம்மாவும் போகவில்லை. வேன் தெருமுனை திரும்பியதும் என் வயிற்றுவலி பறந்துவிட்டது.

நோட்டை மடியில் விரித்துக்கொண்டு ஆரம்பித்தேன். வெளியே காற்று மரங்களைப் போட்டு உலுக்கியது. பல்பு மங்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் ஒரு கதவுகூட எனக்குத் தப்பவில்லை. மூன்று ஆயுதங்களோடு கடைசி அறைக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு. எட்டுக்காலனை எவ்வளவு சுட்டும் அவன் அசையவில்லை. இரும்புக்காரிக்குக் கடைசி உயிர், அதிலும் பாதி போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அடுக்களை வாசலிலிருந்து அம்மாவின் குரல். "முன்னால நின்னு என்னத்துக்குச் சுடுத? அவன் முதுகுல ஒரு வெளிச்சம் மினுக்குதுல்லா, அங்கன அடிட்டி. அவன் குனியுதப்போ தாண்டிரு."

அம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று எரிச்சலாக இருந்தது. வேறு வழியில்லாமல் தாண்டினேன், அடித்தேன். ஐந்தாவது அடியில் எட்டுக்காலன் வெடித்துச் சிதறினான். சுரங்கத்தின் வாய் திறந்தது. இரும்புக்காரி மலையுச்சியில் ஏறி நின்றாள். நான் நாற்காலியில் ஏறிக் குதித்தேன்.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "இனி எங்க போவா?" என்று கேட்டாள். பிறகு என் கையிலிருந்த கண்ட்ரோலரை நோக்கிக் கை நீட்டினாள்.

"முடிஞ்சுபோச்சும்மா. தொடாத, கை ஈரமா இருக்கும், படம் போயிரும்" என்றேன். அம்மா எழுந்து குழம்பைப் பார்க்கப் போனாள்.

எல்லோரும் ஈரத்தலையோடு திரும்பி வந்தபோது இரும்புக்காரி மலைமேல் அப்படியே நின்றாள். சித்தப்பா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. "நெசமாவே நீதான் முடிச்சியா, இல்ல சித்தி முடிச்சாளா?" என்று நக்கலாகக் கேட்டான். வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். நானே முடித்தேன் என்றேன், முதுகு வெளிச்சத்தையும் நானே கண்டுபிடித்ததாகச் சொன்னேன். மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். பெட்டி எங்கள் வீட்டில் இரண்டு வருடம் ஓடியது. இன்றைக்கும் அந்த வெற்றியை நினைத்தால் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

ஆனால் அம்மாவின் கை அன்று ஈரமாக இல்லை. அடுக்களையிலிருந்து வரும்போதே சேலைத் தலைப்பில் இரண்டு கையையும், விரல் விரலாக, அழுத்தித் துடைத்துக்கொண்டுதான் அவள் வந்தாள். அதை நான் பார்த்தேன். எதற்காகத் துடைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.