மஞ்சள் விளக்கில் வெள்ளை பிளேட்

நீங்கள் பொய் சொன்னீர்கள். அந்த வீடியோவில் என் வண்டி நம்பர் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினீர்கள். உங்கள் முகநூல் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் நம்பினார்கள்.

நடந்ததை நான் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது.

நான் டாக்சி ஓட்டுகிறேன். சொந்த வண்டி, வெள்ளை நிறம், மஞ்சள் பிளேட். ஒரு கம்பெனியின் பெண் ஊழியர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் விடுவதும் வேலை முடிந்ததும் வீட்டில் இறக்குவதும்தான் என் நிரந்தர வேலை. லீவு நாளில் வெளியூர் டிரிப். பெண் ஓட்டுகிற வண்டி என்பதால்தான் அந்தப் பெண்களின் வீட்டில் நிம்மதியாக அனுப்பினார்கள். அந்தப் பேரைச் சம்பாதிக்க நான் என்ன பாடுபட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில், உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி முன்னால், தேங்காய் பறிக்கிற ஒருவர் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைக் கார் அவரை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. பேக்கரியின் கேமராவில் காரின் பின்பக்கம் மட்டும் பதிவாகியிருந்தது; நீங்கள் போட்டது அந்த வீடியோதான். அந்த நேரத்தில் நான் பவானியில் இருந்தேன். தங்கள் அப்பாவின் அஸ்தியைக் கரைக்க வந்த ஒரு குடும்பத்தைக் கூடுதுறையில் இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பெண்களை இறக்கிவிட்டுக் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ் பக்கம் நிறுத்தியிருந்தபோது முதல் போன் வந்தது.

"ஏம்மா, ஆளை அடிச்சுப்போட்டு சாவகாசமா டிரிப் ஓட்டிட்டிருக்கறயா?"

"எந்த ஆளுங்க? நீங்க யாருங்க?"

"நடிக்கறதப் பாரு. பொம்பளைன்னா உட்டுருவாங்கன்னு நெனப்பா?"

வைத்துவிட்டான். அடுத்தது, அதற்கடுத்தது என்று வந்துகொண்டே இருந்தன. என் போன் நம்பர் வண்டியின் பின்கண்ணாடியில் இருக்கிறது, டாக்சி என்றால் அப்படித்தான். அந்தக் கண்ணாடியைப் படம் போட்டு, வண்டி நம்பரோடு, போன் நம்பரோடு, "அடித்துவிட்டு ஓடிய வண்டி இதுதான்" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். பைக்கில் வந்த ஒருவன் நின்று, என் முகத்துக்கு நேராகச் செல்போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனான். அந்தப் படமும் உங்கள் பதிவுக்குக் கீழே வந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற தம்பி கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க அப்படிப்பட்டவங்க இல்லீன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா மேல இருக்கறவங்க அந்தப் போஸ்டைப் பாத்துட்டாங்க. அது கெடக்கற வரைக்கும் உங்க வண்டில யாரையும் ஏத்த வேண்டாம்னு சொல்லீட்டாங்க."

"தம்பி, நான் அன்னைக்கு அந்தப் பக்கமே போகலீங்க."

"அதைப் போட்டவரையே சொல்லச் சொல்லுங்கக்கா. தப்பாப் போட்டுட்டோம்னு அதே பக்கத்துல அவரு ஒரு வார்த்தை போட்டாப் போதுமுங்க. மறுநாளே வண்டியக் கொண்டு வாங்க."

ஆக, என் பிழைப்பு உங்கள் ஒரு வார்த்தையில் வந்து நின்றது. உங்களைக் கூப்பிட்டேன். ஞாபகம் இருக்கிறதா? எவ்வளவு மரியாதையாகப் பேசினீர்கள்! எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுப்பவனும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"அம்மணி, நான் எதையும் திருடலீங்க. எல்லாம் ஊருக்கே தெரியற மாதிரி நெட்டுல கெடக்கறதுதானுங்க," என்றீர்கள். பிறகு பெருமையாக விளக்கினீர்கள். வீடியோவில் இருப்பது வெள்ளைக் கார். பிளேட் மஞ்சளாகத் தெரிகிறது, அதனால் டாக்சி. பின்கண்ணாடியில் சூலத்தோடு அம்மன் ஸ்டிக்கர். அந்த அம்மன் கோயிலின் முகநூல் பக்கத்தில் கும்பாபிஷேகப் படங்கள் இருக்கின்றன. அதில் கார்கள் நிறுத்திய இடத்தில் என் டாக்சி நிற்கிறது. "வேற யாருங்க இருக்க முடியும்?"

"நான் பவானில இருந்தனுங்க. டோல்கேட் மெசேஜ் போன்ல இருக்குது."

"அந்த ஃபாஸ்டேக்கை எந்த வண்டிக் கண்ணாடில வேணாலும் ஒட்டிக்கலாமுங்களே."

"கூட வந்தவங்களக் கேளுங்க."

"உங்க கஸ்டமரு உங்களுக்குத்தானுங்க பேசுவாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. கேஸ்னு வந்தா நீங்க நிரூபிச்சுக்குங்க."

போட்டவர் நீங்கள், நிரூபிக்க வேண்டியவள் நான்!

அடுத்த நாள் உடுமலைப்பேட்டைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். போகாதே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அடிபட்டவரின் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்கதானுங்களா அது? போட்டோல பாத்தனுங்க."

"நான் இல்லீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அடிச்சவங்க ஆருதான் நான்தான்னு சொல்லுவாங்க? வண்டி இருக்குதா? காட்டுங்க."

கீழே அழைத்துப் போனேன். அந்த அம்மா வண்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, பம்பரைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். இரண்டு ஹெட்லைட்டையும் முந்தானையால் துடைத்துப் பார்த்தார்.

"சைக்கிள் மேலெல்லாம் லைட்டுக் கண்ணாடி நொறுங்கிக் கெடந்துச்சுங்க. இது பழசு. மாத்துனது இல்லீங்களே."

"இல்லீங்க."

"அப்ப எவன்?" என்றார். "அவன் இந்நேரம் நிம்மதியாக் காப்பி குடிச்சிட்டிருப்பான். ஊரே உங்களைத் தேடிட்டிருக்குது," என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

நான் ஒரு வாரம் உட்கார்ந்து தேடினேன். டிரிப் இல்லையே, வேறு என்ன வேலை? புது இடத்துக்குப் போகும்போது வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று பார்க்க, மேப்பில் ஆட்கள் ஏற்றிய படங்களைப் பார்ப்பது டாக்சிக்காரர்களின் பழக்கம். அதே மாதிரி அந்த பேக்கரியின் படங்களைத் திறந்தேன். பப்ஸ், டீ கிளாஸ், பிறந்தநாள் கேக் என்று சாப்பிட்டவர்கள் எடுத்துப் போட்ட படங்கள். விளக்குப் போட்ட பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் பேக்கரியின் பெரிய மஞ்சள் போர்டு எரிகிறது. அந்த வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டை மஞ்சள். வெள்ளை நாற்காலி மஞ்சள். வாசலில் நிற்கிற சொந்தக் கார்களின் வெள்ளை பிளேட்டும் மஞ்சள். அடித்த வண்டி டாக்சி என்று நீங்கள் சொன்னது இவ்வளவுதான்.

அடுத்தது ஸ்டிக்கர். கும்பாபிஷேகத்துக்குக் காரில் வந்த எல்லோருக்கும் கோயிலில் அதே ஸ்டிக்கரைக் கொடுத்தார்கள். குலதெய்வம் என்றால் ஊட்டுக்கு ஊடு கார் எடுத்துக்கொண்டு வருகிற ஜனங்கள் நாம். கோவையில் எந்த சிக்னலில் நின்றாலும் முன்னால் ஒரு கண்ணாடியில் அந்த அம்மன் இருக்கிறாள். நீங்கள் பார்த்த அதே கோயில் படங்களில் அந்த ஸ்டிக்கரோடு எத்தனை வெள்ளைக் கார்கள்! அவற்றில் என்னுடையதில் மட்டும்தான் போன் நம்பர் இருந்தது. அதனால் நான் கிடைத்தேன். கையில் அகப்பட்டவளைப் பிடித்துக் கொடுத்தீர்கள்.

பிறகு ஒன்று கண்ணில் பட்டது. பழைய கார் விற்கிற ஒரு தளத்தில், விபத்துக்குப் பிறகு போட்ட விளம்பரம். வெள்ளைக் கார், வீடியோவில் இருக்கிற அதே மாடல். முன்பக்கப் படத்தில் இடது ஹெட்லைட் புத்தம் புதுசாகப் பளிச்சென்று இருக்கிறது. வலது பக்கம் பழுத்துப்போய் இருக்கிறது. பின்கண்ணாடியில் எதையோ சுரண்டி எடுத்த தடம், சூலத்தின் வடிவத்தில். நம்பர் தெளிவாகத் தெரிகிறது.

அடித்த வண்டி இதுதான் என்று உடனே தோன்றியது. ஆனால் விற்கப்போகிற காரிலிருந்து சாமி படத்தைச் சுரண்டி எடுப்பது வழக்கம்தான். ஹெட்லைட்டை எதற்கு வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். அந்த வண்டியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எல்லாவற்றையும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அடிபட்டவரின் மனைவியிடமும், ஒரு வண்டியைப் பற்றிக் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அது உங்கள் காதுக்கு வந்துவிட்டது. நீங்களே கூப்பிட்டீர்கள்.

"அம்மணி, சூப்பருங்க! அந்த நம்பரை எனக்கு அனுப்புங்க. உடனே போட்டுடலாம். உங்க மேல இருக்கறதும் தானாப் போயிரும்."

"அந்த வண்டிதான்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"அது போலீசு பாத்துக்குமுங்க."

"அவங்க ஊட்டுலயும் ஒரு பொம்பள இருப்பாளுங்க. அவளுக்கு வர்ற போனை நீங்க எடுப்பீங்களா?"

"இப்படிப் பேசுனா நான் என்னங்க பண்றது? உங்களுக்கு நல்லது பண்ணலாம்னு பாத்தேன்."

நல்லதா! என் இடத்தில் இன்னொருவரை நிறுத்தினால் என்னை விடுவிப்பீர்கள். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மறுநாள் காலையில் என் வண்டியில் அந்தப் பெண்கள் ஏறியிருப்பார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுக்கவில்லை. ஸ்டேஷனில் கேட்டால் விசாரிக்கிறோம் என்கிறார்கள். அடிபட்டவர் இன்னும் படுக்கையில் இருக்கிறார். என் வண்டி வாசலில் நிற்கிறது. உங்கள் பதிவும் அப்படியே நிற்கிறது.

இனிமேல் என்னைப் போனில் கூப்பிடாதீர்கள். அம்மணி, கண்ணு என்று குழையாதீர்கள். என் நம்பரைப் போட்ட அதே பக்கத்தில், அதே ஆட்கள் பார்க்க, அந்த வீடியோவை மறுபடி போடுங்கள். அதில் என் வண்டி நம்பர் எந்த இடத்தில் தெரிகிறது? நிறுத்தி, விரலை வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால், நம்பரைப் பார்க்காமல்தான் எழுதினேன் என்று உங்கள் வாயால் அங்கேயே சொல்லுங்கள்.