கயிற்றின் மறுமுனை

பாறையேறப் போகிற பிள்ளைகள் என்னிடம் மூன்று கேள்வி கேட்பார்கள். எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எங்கே சாமான் வாங்குவது. முதல் இரண்டுக்கும் பதில் சுலபம். பாறைக்குப் பக்கத்தில் எந்த லாட்ஜ் ஆனாலும் தங்கலாம், குழாயில் தண்ணீர் வந்தால் போதும். லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்துகிற கடையில் சாப்பிடலாம். மூன்றாவது கேள்விக்குத்தான் இந்தக் கதை. கதை என்று சொல்வதுகூடத் தப்பு. இது எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் என் வலது உள்ளங்கையை வந்து பார்த்துக்கொள்ளலாம், தழும்பு அப்படியே இருக்கிறது.

நானும் என் தங்கையும் போயிருந்தோம். சின்ன வயதிலிருந்தே சுவரைக் கண்டால் ஏறுவாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் பல்லி. அவள் ஏறுவாள், நான் கீழே நின்று கயிறு பிடிப்பேன். அவள் தவறினால் என் கைதான் தாங்க வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். ஏறுவதற்கு முன் "பிடிச்சிருக்கியா?" என்பாள். "பிடிச்சிருக்கேன்" என்பேன். சொன்ன பிறகு, அவள் தரையில் கால் வைத்து "இறங்கிட்டேன்" என்கிற வரை விடக் கூடாது. வானமே இடிந்து விழுந்தாலும் விடக் கூடாது.

அன்று பேருந்திலேயே கயிற்றை மறந்துவிட்டு இறங்கினாள் மகராசி. திட்டித் தீர்த்தேன். கடைத்தெருவில் மலையேற்றச் சாமான் விற்கிற கடை ஒன்றே ஒன்று. புதுக் கயிறு இல்லை. கடைக்காரர் உள்ளே போய் நீலக் கயிறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பழசு சார். ஆனா ஒரே தடவைதான் ஏறியிருக்கு."

"அப்புறம் ஏன் வித்துட்டாங்க?"

"அவருக்கு இதுல மனசு விட்டுப்போச்சு."

எனக்கும் வேறு வழியில்லை. வாங்கினேன்.

லாட்ஜில் எங்கள் அறை மாடியில். அதற்கு மேல் சரிந்த தகரக் கூரைதான். ஏழேகாலுக்குப் பல்லி சாப்பாடு வாங்கப் போனாள். நான் கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கயிற்றைச் சோதிக்க உட்கார்ந்தேன். பழைய கயிறு என்றால் முழு நீளத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். எங்கே நைந்திருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். அறை சின்னது என்பதால் பார்த்து முடித்த பகுதியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன்.

ஏழு முப்பத்தைந்துக்குக் கரண்ட் போனது.

வெளியே... மேலேயிருந்து... குரல்.

"அண்ணா, பிடிச்சிருக்கியா?"

என் வாய் யோசிக்கவில்லை. "பிடிச்சிருக்கேன்" என்றேன்.

அப்புறம்தான் உறைத்தது. இவள் எப்படி மேலே போனாள்?

விசுக்! கயிறு என் கையை உரசிக்கொண்டு ஓடியது. உள்ளங்கை தீய்ந்துபோனது. எட்டிக் கட்டில் காலில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்தேன். கட்டில் ஜன்னலை நோக்கி இழுபட்டது. கிர்ர்ர்...

கீழே தொங்கிக்கொண்டிருந்த கயிறு இப்போது மேலே போயிருந்தது. விறைப்பாக. ஓர் ஆள் பாரம்.

இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

"அண்ணா... விட்டுடாதே..."

பல்லியின் குரல்தான். அழுகிறாள்.

டொக். டொக்.

எனக்குப் பின்னால், கதவு.

"அண்ணா, கதவைத் திற. சாப்பாடு ஆறுது."

அதுவும் பல்லியின் குரல்தான்.

"யாரு நீ?"

"என்ன கேள்வி இது? நான்தான். திற."

மேலே, "விட்டுடாதே..."

பின்னால், "திரும்பிப் பாருண்ணா. நான் இங்கதான் இருக்கேன்."

தாழ்ப்பாள் ஆடியது. ஒன்று மட்டும் புத்தியில் நின்றது. வாசலில் இருப்பவள் தரையில் நிற்கிறாள். கயிற்றில் இருப்பவள் என் கையில் இருக்கிறாள்.

நான் திரும்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றைத் தளர்த்தி இறக்கினேன்.

கதவு தடதடவென்று அதிர்ந்தது.

இறக்கினேன்...

இன்னும் இறக்கினேன்...

சட்டென்று பாரம் இல்லை. ஜன்னலுக்குக் கீழே, மண்ணில் கால் படும் சத்தம்.

"இறங்கிட்டேன்."

கதவுச் சத்தமும் நின்றது.

ஏழு ஐம்பதுக்குக் கரண்ட் வந்தது. எட்டு மணிக்குப் பல்லி வந்தாள். பொட்டலங்களில் ஆவி பறந்தது.

"கடையில ஒரே கூட்டம்ணா. கட்டில ஏன் ஜன்னல்கிட்ட இழுத்துப் போட்டிருக்க?"

தரையில் கட்டில் கால் கீறிய கோடு. என் கையில் ரத்தம். கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். அந்தச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

காலையில் கயிற்றைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் என் உள்ளங்கையைப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க விடலையா?"

"இல்ல. ஏன் கேக்கறீங்க?"

"இதை வித்தவரும் தங்கச்சிக்குத்தான் பிடிச்சிட்டு இருந்தார் சார். அந்தப் பொண்ணு பாதி உயரத்துல தொங்கிட்டு இருந்திருக்கு. மனுஷன் கயித்தை விட்டுட்டுத் திரும்பிட்டார். அது விழுந்து அங்கேயே உயிரை விட்டுடுச்சு. ஏன்யா விட்டேன்னு கேட்டா, திரும்பத் திரும்ப ஒண்ணையேதான் சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"'தங்கச்சி பின்னாடி வந்து நின்னு கூப்பிட்டா. நான் இங்கதான் இருக்கேன்னு சொன்னா. அதனாலதான் விட்டேன்'னார்."

கதவுக்கு வெளியே கேட்டதை அவரிடம் நான் சொல்லியிருக்கவே இல்லை.

அன்று நாங்கள் ஏறாமல் ஊர் திரும்பினோம். இப்போது என்னிடம் இருப்பது புதுக் கயிறு. இன்றும் பல்லிதான் ஏறுகிறாள், நான்தான் பிடிக்கிறேன். அவள் பாதி உயரத்தில் இருக்கும்போது, சில நாள், என் முதுகுக்குப் பின்னால் ரொம்பப் பக்கத்தில் நின்று கூப்பிடுகிறாள்.

நான் திரும்புவதில்லை.