படிக்க வராமல் போன காலை

ஐப்பசி மழைக்குப் பரண் ஒழுகியது. அதனால் பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளை இறக்கிக் கூடத்துத் தரையில் பரப்பி, ஃபேனைப் போட்டுவிட்டிருந்தேன். கடைக்குப் போக இன்னும் நேரமிருந்தது. விருத்தாசலம் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாளெல்லாம் அடுத்தவர்களின் மனுக்களைப் படிப்பதும் அடிப்பதும்தான் என் பிழைப்பு. கணவருக்குச் செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்கிற பட்டறையில் வேலை. அவர் உள்ளே சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பத்திரிகைகள் எனக்கு வந்தது ஒன்பதாவது படிக்கும்போது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர், மங்கலம்பேட்டைக்காரர், துபாயில் வேலை பார்த்தார். ஒரு லீவில் டிவியோடு இணைக்கிற கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். வெறும் கீபோர்டு மாதிரிதான் இருக்கும். அவர் வீட்டுப் பிள்ளைகள் அதைச் சீந்தவில்லை. திரும்பிப் போகும்போது, "ஒங்க பொண்ணுதான் படிக்கிற புள்ள, வச்சிக்கட்டும்" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஆங்கிலப் பத்திரிகைகள். அட்டைகளில் அரபி எழுத்தில் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். உள்ளே பக்கம் பக்கமாக புரோகிராம் அச்சடித்திருப்பார்கள். வரிக்கு வரி பார்த்து நாமே அடித்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்து, ஒரு கமா தப்பினாலும் ஓடாது. சைபருக்கும் ஆங்கில 'ஓ'வுக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் பட்ட பாடு அம்மாவுக்குத்தான் தெரியும். அவளுக்கு டிவி பார்க்க முடியாத கோபம். கம்ப்யூட்டர் எப்போதோ கெட்டுப்போனது. பத்திரிகைகளை மட்டும் கல்யாணமாகி வந்த வீட்டுக்கும் தூக்கி வந்தேன்.

அன்று காலை ஒன்றை எடுத்து, ஈரம் பட்டிருக்கிறதா என்று புரட்டினேன். பந்து துள்ளுகிற புரோகிராம் இருந்த பக்கம். மனப்பாடமாகத் தெரிந்த முதல் வரியைப் படிக்கப் பார்த்தேன். படிக்க வரவில்லை. மை கலைந்துவிட்டது என்று நினைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கறுப்புக் கோடுகள் தெளிவாகத்தான் இருந்தன. ஆனால் அவை எழுத்தாகத் தெரியவில்லை.

"ஏங்க, இந்தப் பக்கம் மழையில கெட்டுப்போச்சா, பாருங்க."

அவர் வந்து குனிந்து பார்த்தார். "நல்லாதான் இருக்குது. ஏன்?"

குரல் கேட்டது, ஆள் தெரியவில்லை. என் வலப்பக்கம்தான் நின்றிருந்தார். கழுத்தைத் திருப்பிய பிறகுதான் அவர் முகம் சட்டென்று வந்து நின்றது. சுவரில் தொங்கிய தேதிக் காலண்டரைப் பார்த்தேன். தமிழாவது படிக்க வரும் என்று நினைத்தேன். அதுவும் வரவில்லை. சின்ன வயதில் அந்த அரபி விலைச்சீட்டுகளை எப்படிப் பார்த்தேனோ அப்படித்தான் இப்போது தமிழைப் பார்த்தேன். ஏதோ எழுதியிருக்கிறது, எனக்கு இல்லை.

"எனக்குப் படிக்க வரல" என்றேன்.

"கண்ணு மங்குதா?"

"கண்ணு தெரியுது. படிக்கதான் வரல."

அவர் உடனே பட்டறை முதலாளிக்குப் போன் போட்டுக் காரை வரச்சொன்னார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. நெய்வேலி வரைக்கும் எத்தனை கடைகள், எத்தனை போர்டுகள். இந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எல்லாப் போர்டும் கிறுக்கலாக ஓடியது. வாய்க்குள் அ, ஆ, இ, ஈ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சொல்ல வந்தது. அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எல்லாம் முடிந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். சின்ன வயசு. காகிதத்தையும் பேனாவையும் கொடுத்து, "ஏதாச்சும் ஒரு வரி எழுதுங்கம்மா" என்றார். நான் எழுதினேன். கை தயங்கவே இல்லை. கடையில் எழுதுகிற அதே வேகம். அவர் காகிதத்தை வாங்கி, கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, என் முன்னால் திரும்ப வைத்தார்.

"இத படிங்க."

பார்த்தேன். என் கையெழுத்துதான் என்று தெரிந்தது. பதற்றத்தில் என்ன எழுதினேன் என்பது நினைவில் இல்லை. எவ்வளவு முயன்றும் ஒரு சொல் கூட வரவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்தது இல்லை. பிரசவத்தின்போது கூட இல்லை. நானே எழுதியது எனக்கே புரியாவிட்டால் பிறகு நான் யார் என்று இருந்தது.

கணவர்தான் அதை எட்டிப் பார்த்து மெதுவாகப் படித்தார். "வூட்டுக்குப் போகணும்."

டாக்டர் என் தோளைத் தொட்டுச் சொன்னார். "மூளையில ஒரு சின்ன ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. எழுதுற வழி வேற, படிக்கிற வழி வேற. ஒங்களுக்குப் படிக்கிற வழி அறுந்திருக்கு. வலப்பக்கப் பார்வையும் கொஞ்சம் போயிருக்கு."

"திரும்ப வருமா?"

"கொஞ்சம் வரலாம். எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்த பிறகும் பயம் விடவில்லை. வலப்பக்கக் கதவில் இடித்துக்கொள்வேன். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்த வேளைக்கு உள்ளது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். சென்னையில் இருக்கும் மகள் அனுப்பும் செய்தி போனில் ஒளிர்ந்தால் உடம்பு பதறும். அவளிடம் போன் செய்தே பேசச் சொல்லிவிட்டேன். கடை பூட்டிக் கிடந்தது.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். எழுத்தை விரலால் வரைந்து பார்த்தால் கை சொல்லிக்கொடுக்கும் என்றார். உண்மைதான். கண்ணுக்குத் தெரியாத 'ம' விரலுக்குத் தெரிந்தது. ஆனால் அவர் கொண்டுவந்த சின்னப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் முதல் எழுத்தை வரைந்ததும் மீதியை ஊகித்துவிடுவேன். மரம் என்பேன். அங்கே மயில் இருக்கும். ஒவ்வொரு தடவை தப்பும்போதும், சரியாகச் சொன்னதெல்லாம் கூட ஊகம்தானோ என்று பயம் வரும்.

கணவர் ஒருநாள் மூலையில் ஒதுக்கிவைத்திருந்த பத்திரிகைகளிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். அந்தக் காலைக்குப் பிறகு நான் அவற்றின் பக்கமே போகவில்லை.

"இதுல ஊகிக்க முடியாதுல்ல" என்றார்.

"என்னா சொல்றீங்க?"

"கதையா இது? வெறும் எழுத்தும் நம்பரும். நீ சொல்லு, நான் சரி பாக்குறேன்."

வேலை விட்டு வந்ததும் என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வார். அங்கே இருந்தால்தான் எனக்குத் தெரியும். நான் தாளின் மேல் ஆட்காட்டி விரலால் வரைந்து வரைந்து சொல்வேன். பி, ஆர், ஐ. ஒரு வரிக்கே அவர் டீ ஆறிவிடும். அவசரப்படுத்த மாட்டார். தப்பினால் "இன்னொருக்கா" என்பார், அவ்வளவுதான். நெற்றி நரம்பு விண்விண்ணென்று தெறிக்கும். மறுநாள் எழுந்தால் நேற்று வந்த எழுத்து போயிருக்குமோ என்று பயந்து, பல் தேய்க்கும் முன்பே ஒரு வரியை வரைந்து பார்ப்பேன்.

மாதங்கள் போய் ஒரு மாலை, ஒரு வரியின் கடைசியில் இருக்க வேண்டிய அடைப்புக்குறி இல்லை. திறந்த குறி இருந்தது, மூடிய குறி இல்லை. விரலை இழுத்துத் தேடினேன். வரியின் வலக்கோடி எனக்கு எப்போதும் சந்தேகத்துக்குரிய இடம். சரியாகிக்கொண்டிருந்தது மறுபடி போகிறது என்றே நினைத்தேன்.

"முடிக்கிற குறி எனக்குத் தெரியல" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வரியின் மேல் விரலை ஓட்டிக் கடைசிவரை போனார்.

"இல்ல" என்றார் கடைசியில். "இங்க இல்லவே இல்ல. அவங்க அச்சுலதான் வுட்டுட்டாங்க."

நான் அழுதேன். அவர் பத்திரிகையை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது கடையைத் திறக்கிறேன். ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறேன். அவள் படிப்பாள், நான் அடிப்பேன். போன மாதம் வேப்பூரில் இருக்கும் தங்கையைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். வேண்டாம் என்று கணவர் சொல்லவில்லை, ஆனால் அவர் முகம் சொன்னது. பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. அதன் போர்டைப் பார்த்து, புடவை மடிப்புக்குள் விரலால் வரைந்தேன். வே. ப். பூ. 'ர்' வருவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. ஓடிப்போய் ஏறினேன்.

சரியாகத்தான் படித்திருந்தேன். ஆனாலும் கண்டக்டரிடம் கேட்டேன், "வேப்பூர் போவுமாங்க?"

"போவும், உக்காருங்க" என்றார். அதன் பிறகுதான் உட்கார்ந்தேன்.