என் சிவப்புக் காருக்கு ஆயில் கூலர் மாட்டின கதை

நேத்து என் காரை வச்சுக்கிறதா, விக்கிறதான்னு ஒரு மீட்டர் முள்ளு முடிவு பண்ண இருந்துச்சு மக்களே!

புதுசா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் புதுக்கோட்டைல ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் நடத்துறேன். வார நாள்ல இந்தக் காருலதான் காலேஜ். லீவு கெடச்சா இதே காருல கோயம்புத்தூர் ரேஸ் டிராக்.

ரெண்டு கதவு, செகண்ட் ஹேண்ட், சிவப்பு. (ஆமா, டிக்கில அரிசி மூட்டை போகாது. எல்லாரும் கேட்டாச்சு.)

பிரச்சனை என்னன்னா, டிராக்குல நாலு லேப் (நாலு சுத்து) வேகமாப் போனா இஞ்சின் ஆயில் சூடு நூத்தி நாப்பது டிகிரியத் தாண்டிரும். அந்தச் சூட்டுல ஆயில் தண்ணியா எளகிரும், அப்பறம் இஞ்சினுக்கே சங்குதான்!

போன தடவை ஆயில் லைட் எரிஞ்சு, வண்டிய லாரில ஏத்தித்தான் ஊருக்குக் கொண்டாந்தோம்.

லாரில வரும்போது எங்க வீட்டுக்காரர் (திருவரங்குளத்துல உரக்கடை வச்சிருக்காரு) சொன்னாரு, "இன்னொரு தடவை ஆயில் சூடு நூத்தி முப்பதத் தாண்டுச்சுன்னா வண்டிய வித்துருவோம். சம்மதமா?"

ரோஷத்துல "சம்மதம்"னுட்டேன். எனக்கு வாய்தான் எதிரி!

அதனாலதான் ஆயில் கூலர். ரேடியேட்டர் தண்ணிய ஆத்துற மாதிரி இது ஆயிலை ஆத்தும். ஆன்லைன்ல இருக்கறதுலயே பெருசா, ஆயில் ஓடுற குழா முப்பத்தி நாலு வரிசை உள்ளதா வாங்கிட்டு நேரா காசிம் பாய் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டேன். நெல்லு அறுக்குற மெஷின், போர்வெல் கம்ப்ரசர்னு பெரிய இஞ்சினெல்லாம் பாக்குற மனுஷன்.

டப்பாவத் தொறந்து பாத்துட்டு, "டீச்சர், டிராக்குல போர் போடப் போறீங்களா?"ன்னாரு.

"பெருசா இருந்தா நல்லாக் குளிரும்ல பாய்?"

"ரொம்பக் குளிர்ந்தாலும் கெடுதல்தான். காலைல காலேஜுக்குப் போற பத்து நிமிஷத்துல ஆயில் சூடே ஏறாம கெட்டியாவே சுத்திக்கிட்டு இருக்கும். ஒங்க வண்டிக்குப் பத்தொம்பது வரிசை போதும். கூட ஒரு தெர்மோஸ்டாட் வச்சுருவோம். சூடு ஏறினாத்தான் ஆயில் கூலர் பக்கம் போகும்."

(ஹீட் டிரான்ஸ்ஃபர் நடத்துறவ நானு. டப்பாவத் திருப்பிக் கட்டுனேன்!)

மாத்தி வாங்கிட்டுப் போனா அடுத்த சண்டை. நான் ரேடியேட்டருக்கு முன்னாடி நடுவுல வைக்கச் சொன்னேன்.

"அங்கிட்டு வச்சா ரேடியேட்டருக்கு வெக்கைக் காத்துதான் போகும் டீச்சர்"னு சொல்லி, பம்பர்ல ஒரு ஃபாக் லைட்டைக் கழட்டி அந்த ஓட்டைக்குப் பின்னாடி மாட்டுனாரு. காத்து பின்னால வெளியேறவும் வழி வெட்டுனாரு. அதிர்வுல விரிசல் விடக்கூடாதுன்னு நாலு மூலைக்கும் ரப்பர் புஷ். ஹோஸ் உரசுற எடத்துல பழைய டியூப்பச் சுத்திக் கட்டுனாரு.

கடைசியா, "முன்னால ஒரு கம்பி வலை அடிச்சுத் தரவா? கல்லு, குப்பை போகாது"ன்னாரு.

"வேணாம் பாய், காத்து கொறையும்"னேன். பெரிய விஞ்ஞானி!

நேத்து விடியக்காலைல கெளம்ப வெளிய வந்தா, வண்டி மூஞ்சி முழுக்க தடிமனா ஒரு செவ்வந்தி மாலை. சந்தனம், குங்குமம் வேற. எல்லாம் எங்க வீட்டுக்காரர் வேலை!

"என்னங்க இது, வண்டிக்குக் கல்யாணமா?"

"புதுச் சாமான் மாட்டிருக்குல்ல. வெறுமனே போகக் கூடாது."

சரின்னு மாலையோடயே கோயம்புத்தூர் வரைக்கும் ஓட்டிட்டுப் போனோம். டிராக்குல செக்கிங்ல மாலைய அறுத்துட்டுத்தான் உள்ள விட்டாங்க.

மொத மூணு லேப் சூப்பர். நூத்திப் பதினெட்டு.

நாலாவது லேப்புல நூத்தி இருவத்தாறு.

அஞ்சாவதுல நூத்தி முப்பத்தி மூணு! வண்டிய ஒடிச்சு, டிராக் ஓரமா வண்டி நிறுத்துற பிட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன்.

"எவ்வளவு?"ன்னாரு, அங்க நின்ன வீட்டுக்காரர். பொய் சொல்ல வாய் வரல. சொன்னேன். ஹெல்மெட்டுக்குள்ளயே அழுதுட்டேன், உண்மையாத்தான் சொல்றேன்.

பாய்க்கு போன் போட்டேன்.

"மீட்டரை விடுங்க டீச்சர். மொதல்ல குனிஞ்சு கூலரைப் பாருங்க, காத்து போகுதா?"

வீட்டுக்காரர்தான் போன் லைட் அடிச்சுக் குனிஞ்சு பாத்தாரு. ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்ல.

அப்பறம் மெதுவா கைய வெளிய எடுத்தாரு. கை நெறய மஞ்சப் பூவு!

வழி நெடுக மாலைலருந்து உதுந்த எதழெல்லாம் ஓட்டை வழியா உள்ள போயி, கூலர் மேல அடை மாதிரி அப்பிக் கெடந்துச்சு. மாலை போட்டது அவரு, வலை வேணாம்னது நானு. யாரு யாரத் திட்டுறது?

ஸ்பீக்கர்ல பாய் சிரிச்ச சிரிப்பு இருக்கே, பக்கத்து பிட்காரங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

என் கொண்டை ஊசியால நோண்டி, காத்தடிச்சு, எல்லாத்தையும் சுத்தம் பண்ணோம். மறுபடி எறங்குனேன். எட்டு லேப். முள்ளு நூத்திப் பன்னெண்டுல நின்னுச்சு, அசையல!

ஆனா பேச்சு பேச்சுதான? திரும்பி வர்ற வழில டீக்கடைல நானே கேட்டேன், "சொன்னபடி சூடாயிருச்சுல்லங்க. விக்கணும்ல?"

டீயை ஆத்திக்கிட்டே இருந்தாரு. அப்பறம் சொன்னாரு, "நீ உள்ள போயிட்டு வெளிய வர்ற வரைக்கும் எனக்குப் பச்சத் தண்ணி எறங்காதும்மா. அந்தப் பயத்துலதான் மாலையே போட்டேன்."



"அதுனால?"ன்னேன்.

"அதுனால அடுத்த தடவை மாலை வேணாம். டயருக்கு அடில ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் வச்சுக்குவோம்."

அடுத்த தடவையாம்! எல்லாரும் சாட்சி!