கும்பிட்ட கைக்குக் கீழே ஒரு ஐஃபிரேம்

ஆரப்பாளையம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். அதன் ஆபீஸ் சுவரில் அன்றுதான் பெரிய டிவி மாட்டியிருந்தார்கள். புக்கிங்குக்கு வருகிறவர்களுக்கு மண்டபத்தின் வெப்சைட்டை அதில் காட்ட வேண்டும் என்பது ஓனரின் ஆசை. அந்த வெப்சைட்டைச் செய்தவள் நான். கனெக்‌ஷன் கொடுக்கப் போனவள், காபி வருகிறது என்றதும் உட்கார்ந்துவிட்டேன். பேசாமல் கே.கே. நகரில் இருக்கும் என் வீட்டுக்கு வண்டியைக் கிளப்பியிருக்கலாம்.

மாட்டிய கதை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வெப்சைட்டில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் அடுத்தவர் வெப்சைட்டைத் தெரிய வைப்பதுதான் ஐஃபிரேம். ஒரு வரி கோடு போதும். பெரிய கம்பெனிகள் தங்கள் பக்கத்தை இப்படி மாட்ட விடாமல் தடுத்து வைத்திருப்பார்கள். சின்னத் தளங்கள் பெரும்பாலும் தடுப்பதில்லை. நம் கஸ்டமர்களுக்கு அவற்றின் மீதுதான் கண்.

வெப்சைட் செய்யும்போதே ஓனருக்கு ஒரு காலண்டர் தளத்தின் முகூர்த்த நாள் பக்கத்தின் மீது கண்.

"சனம் மொதல்ல பாக்குறதே முகூர்த்தத் தேதியத்தான். அத அப்படியே நம்மளுதுக்குள்ள போட்டுரும்மா."

"அண்ணே, அது அடுத்தவங்க பக்கம். லிங்க் மட்டும் குடுப்போம்."

"லிங்க் குடுத்தா அங்கிட்டுப் போயிருவான்ல? போனவன் திரும்பி வருவானா?"

கட்டத்தின் பார்டரையும் எடுக்கச் சொன்னார். அதற்கு மேலே அவர் படம்: வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, 'வருக வருக'. காதுகுத்து ஃபிளெக்ஸில் பங்காளிகள் பூராவும் நிற்கிற ஊரில், ஓனர் படம் இல்லாமல் வெப்சைட் போட முடியுமா என்ன? போட்டேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டி வந்த கதை

காபி வருவதற்குள் புக்கிங்குக்கு ஆள் வந்துவிட்டது. எழுமலையிலிருந்து ஒரு விவசாயி, பேங்கில் வேலை பார்க்கும் அவர் மகள், மாப்பிள்ளையின் தாய்மாமன். பல வரன் தட்டிப்போய் அமைந்த இடம் என்று விவசாயியே ஓனரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"தேதியப் பாத்துருவோம்" என்று ஓனர் ரிமோட்டை அமுக்கினார்.

மேலே ஓனர் கும்பிட்டபடி 'வருக வருக' என்றார். கீழே, முகூர்த்த நாள் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டி. 'ஃப்ரீசர் பாக்ஸ், சொர்க்க ரதம், இருபத்து நாலு மணி நேர சேவை.'

காலண்டர்காரர் தன் தளத்தின் முகவரிக்கு வருஷப் பணம் கட்டிப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். பிணப்பெட்டி வாடகைக்கு விடும் ஒருவர் அதை வாங்கிவிட்டார். இதெல்லாம் பிறகு தேடித் தெரிந்துகொண்டது.

தாய்மாமன் எழுந்துவிட்டார். "மொத காரியத்துலயே இப்படியா? சகுனம் சரியில்ல. எந்திரிங்க, ஊர்ல போயிப் பேசிக்கிருவோம்."

ஊரில் போய்ப் பேசினால் இந்த வரனும் தட்டிப்போகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். விவசாயி துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயா, அது நம்மளுது இல்லங்க" என்றார் ஓனர்.

"ஒங்க போட்டோ இருக்கு. கும்பிட்டு வேற கூப்புடுறீங்க. பெறகு யாருதுங்குறேன்?" என்றார் தாய்மாமன்.

நான் குறுக்கே புகுந்து, அது வேறொருவர் பக்கம், சன்னல் வழியாகப் பக்கத்து வீடு தெரிகிற மாதிரிதான் என்று விளக்கினேன்.

"அடுத்தவன் வீட்டப் பாக்க சன்னல் வச்சா, அவன் வீட்டு எழவையும் பாக்கத்தானம்மா வேணும்?" என்றார். இத்தனை வருஷ சர்வீஸில் ஐஃபிரேமை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட ஆளை நான் பார்த்ததில்லை.

அப்போது அந்தப் பெண் தாய்மாமன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். "சித்தப்பா, ஒண்ணு கேக்கவா? அந்தப் பெட்டி எங்க வீட்டுல தெரிஞ்சுச்சா, ஒங்க வீட்டுல தெரிஞ்சுச்சா?"

"இங்கதான தெரிஞ்சுச்சு."

"அப்பச் சகுனம் இந்த மண்டபத்துக்குத்தான சரியில்ல? வேற மண்டபம் பாப்போம்."

அவர் டிவியைப் பார்த்தார். ஓனரைப் பார்த்தார். "அதுஞ் சரிதான்" என்று செருப்பை மாட்டினார். விவசாயி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓனருக்கும் கலங்கியது, ஆனால் அது வேறு காரணம்.

கழற்றிய கதை

உட்கார்ந்த இடத்திலேயே ஐஃபிரேமை எடுத்தேன். ஓனரின் ஜோசியரிடமே முகூர்த்த நாட்களைக் கேட்டு வாங்கி, எங்கள் பக்கத்தில் நாங்களே டைப் செய்து போட்டோம். அன்றிலிருந்து எந்தக் கஸ்டமர் ஐஃபிரேம் கேட்டாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: அந்தப் பக்கத்தில் நாளைக்கு என்ன இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியுமா? யார் எழுதியதாக இருந்தாலும், நம் பெயருக்குக் கீழே தெரிந்தால் அது நாம் சொன்னதாகத்தான் ஆகும்.

போன மாதம் அதே ஓனர் கூப்பிட்டார். வெளியூர்க்காரர்கள் மழை நிலவரம் கேட்கிறார்களாம், ஏதாவது தளத்தைக் காட்ட வேண்டுமாம்.

"ஃபிரேமா, லிங்க்கா அண்ணே?" என்றேன்.

"லிங்க்கே குடும்மா. போறவன் போகட்டும். அங்க என்ன கெடந்தாலும், நான் மேல நின்டு கும்பிட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்ல."