இடப்பக்கக் கதவு

எங்கள் மொரிஸ் மைனர் காரின் இடப்பக்கக் கதவு அப்பா சொன்னால்தான் கேட்கும். வேறு யாராவது கைப்பிடியை இழுத்தால் அரை அங்குலம் நகர்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்து, கிர்ர்ரென்று முனகிவிட்டு அப்படியே நின்றுவிடும். அப்பா அதன் அடியில் முழங்காலைக் கொடுத்து, இரண்டு கையாலும் சற்றே தூக்கித் திறப்பார். மூடுவதற்கும் அதே வித்தைதான். கதவைத் தாங்கும் பிணைச்சல்களின் ஆணிகள் தேய்ந்துவிட்டன, பழைய கார் என்றால் அப்படித்தான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.

கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் கீழே பெரியப்பாவின் புடவைக்கடை, மேலே எங்கள் வீடு. மொத்தம் பதினோரு பேர். பெரியவர்கள் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் நின்று பேசும் வழக்கம் அங்கே கிடையாது. "அப்பாவுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு" என்று அம்மா என்னிடம் சொல்லுவாள். அப்பா நாலடி தள்ளித்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். "போதும்னு சொல்லு" என்று அவரும் என்னிடமே சொல்லுவார். அந்த வீட்டின் தந்திக் கம்பி நான்தான். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அப்பா, அம்மா, நான் மூவரும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போவோம். அப்பா காரைக் கடைவாசலில் நிறுத்தி, இறங்கி, முன்பக்கமாகச் சுற்றிவந்து அம்மாவுக்குக் கதவைத் தூக்கித் திறப்பார். அம்மா ஏறி உட்கார்ந்ததும் குனிந்து, வெளியே தொங்கும் சேலைத் தலைப்பை எடுத்து அவள் மடியில் வைப்பார். "பாத்து" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவை மூடுவார். மேல்மாடி ஜன்னலிலிருந்து பெரியம்மா, "மகாராணி ஏறியாச்சா?" என்று கேட்பார். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். பின்சீட்டில் இருக்கும் எனக்கு அவள் கழுத்துதான் தெரியும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மானம் மரியாதையெல்லாம் அந்த வயதில்தான் அதிகம். மழை நாட்களில் அப்பா என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும்போது அந்தக் கதவு போடும் சத்தத்தைக் கேட்டு என் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தி, நான் வகுப்புக்குள் வரும்போதெல்லாம் கிர்ர்ரென்று முனகிக் காட்டினாள். அந்தக் கதவை நான் மனதார வெறுத்தேன்.

ஒருநாள் டொபி மிட்டாய் தேடிக் காரின் முன்சீட்டுக்கு எதிரே உள்ள முன்பெட்டியைக் குடைந்தபோது, அடியில் மஞ்சளேறிய பத்திரிகைத் தாளில் கட்டிய பொட்டலம் ஒன்று அகப்பட்டது. உள்ளே விரல் நீளத்தில் பளபளவென்று நாலு இரும்பு ஆணிகள், சின்னச் சின்னப் பித்தளைக் குழல்கள் சில. அம்மாவின் தம்பி, என் மாமா, பிலிமத்தலாவையில் ஒரு கராஜில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவரிடம் ரகசியமாகக் காட்டினேன். அவர் வாயைப் பிளந்தார்.

"இது இந்தக் கதவுக்கே உள்ள சாமான், பாப்பா. ஆணிதான் பின், குழல்தான் புஷ். கொழும்பு முழுக்க அலைஞ்சாலும் இப்ப கிடைக்காது."

வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. பாண் ரொட்டிக்கே விடியற்காலையில் வரிசையில் நின்றோம். அப்படிப்பட்ட பொருளை வாங்கிவைத்துவிட்டு அப்பா மறந்தே போயிருக்கிறார் பார்த்தீர்களா! அவர் கடைக்குச் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போகும் புதன்கிழமை, அவருக்குத் தெரியாமல் வேலையை முடித்துவிடுவது என்று நானும் மாமாவும் திட்டம் போட்டோம்.

மாமா பழைய ஆணிகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். கதவின் அடியில் ஜாக்கி வைத்து, பெயின்ட் உரியாமலிருக்க நடுவே சாக்கை மடித்துக் கொடுத்தார். பிறகு ஆணிகளைக் கீழிருந்து தட்டித் தட்டிக் கழற்றினார். அவை நடுவில் இளைத்து, சப்பிய கற்கண்டுக் குச்சி மாதிரி இருந்தன. பழைய குழல்களின் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீண்டுபோயிருந்தது. அவற்றைப் பெயர்த்தெடுத்துப் புதுக் குழல்களை இறுக்கினார். ஒரு புது ஆணியின் தலை சற்றுப் பெரிதாக இருந்ததால், அதன் ஓரத்தை அரத்தால் ராவினார். கிரீஸ் பூசி எல்லாவற்றையும் இறக்கியபின், "இப்பப் பாரு" என்று சுண்டுவிரலால் கதவைத் தள்ளினார். 'டக்' என்று மூடிக்கொண்டது. நான் கைதட்டினேன்.

அப்பா மாலை ரயிலில் வந்தார். அவரை இழுத்துக்கொண்டுபோய்க் கதவைத் திறக்கச் சொன்னேன். வழக்கம்போல முழங்காலைக் கொடுத்து அவர் தூக்க, கதவு பறந்துவந்து முழங்காலிலேயே மோதியது. இரண்டு தரம் திறந்து மூடினார்.

"சாமான் எங்கேருந்து கிடைச்சுச்சு?"

"பெட்டியிலதான்பா! நீங்க வாங்கி வச்சுட்டு மறந்துட்டீங்க."

"ஆமா… மறந்துட்டேன்" என்றார். மாமா வீசப்போன பழைய ஆணிகளை மட்டும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா இறங்கிக் காரின் முன்பக்கம்வரை வந்துவிட்டார். "அம்மா, நீயே திற, நீயே திற!" என்று நான் குதித்தேன். கடைக்குள்ளிருந்து பெரியப்பா, "அதான் கதவு சரியாயிருச்சே, ஏறி எடுடா, பின்னால பஸ் நிக்குது" என்றார். அண்ணன் சொல்லை அப்பா என்றைக்கும் தட்டியதில்லை. அப்படியே திரும்பிப்போய் உட்கார்ந்தார். அம்மா தானே திறந்து, தானே ஏறி, தானே மூடினாள். பெரியம்மா ஜன்னலில் இருந்தார். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

கோயிலில் இறங்கியபோதுதான் பார்த்தோம். அம்மாவின் பச்சைப் பட்டுச் சேலைத் தலைப்பு கதவிடுக்கில் மாட்டி, கொழும்பு வீதியிலிருந்து கட்டுக்கலைவரை மழைச்சேற்றைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

"பாத்து ஏறக்கூடாதா?" என்றார் அப்பா.

"பாத்துன்னு சொல்ல ஆள் இருந்துச்சு. இப்ப இல்லயே" என்றாள் அம்மா.

நான் இடையில் இல்லாமல் அவர்கள் அவ்வளவு நீளமாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. சேலைக்காகத்தான் சண்டை என்று எண்ணி அழுதேன். அப்பா குழாயடியில் தலைப்பை அலசிக் கொடுத்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை, கதவு மறுபடி சரிந்தது. அதே முனகல். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவை வாசலிலேயே மறித்து, வேலை தெரியாதவர் என்று திட்டினேன். வீட்டிலும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பிணைச்சலைத் தடவிப் பார்த்தார். திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வேலை அவ்வளவுதான் அத்தான்" என்று மாமா சிரித்தார். "இனிமே நான் கை வைக்கமாட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமை அப்பா சுற்றிவந்து கதவைத் தூக்கித் திறந்தார். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. பழுதான கதவை வேறு என்ன செய்வது? தலைப்பு மடிக்கு வந்தது. "மகாராணி ஏறியாச்சா?" என்று மேலேயிருந்து குரலும் வந்தது.

பிறகொரு நாள் முன்பெட்டியில் மறுபடியும் பொட்டலம் இருந்தது. பிரித்தால் நாலு புது ஆணிகள். இந்தத் தடவை கிரீஸோடு இருந்தன, குழல்கள் மட்டும் இல்லை. ஒன்றின் தலையில் அரத்தால் ராவிய தடம்கூட இருந்தது. நான் அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, அப்பா திரும்பவும் வாங்கி வச்சுட்டு மறந்துட்டாரு!"

அம்மா ஆணிகளைக் கையில் வாங்கி, அந்தத் தடத்தைப் பெருவிரலால் தடவினாள். பிறகு நான் கொண்டுவந்த மாதிரியே மடித்துக் கொடுத்து, "எடுத்த எடத்துலயே வச்சுரு. அப்பாகிட்ட சொல்லாத" என்றாள்.

"அப்பாவுக்கு ஏம்மா இவ்வளவு மறதி?"

"ஆமாடி, பாவம்" என்றாள் அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

வல்லாரை தின்றால் ஞாபகசக்தி வளரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். நான் அம்மாவை நச்சரித்து மறுநாளே வல்லாரைச் சம்பல் செய்யவைத்தேன். அப்பாவுக்கு நானே பரிமாறினேன். எதற்கென்றும் சொன்னேன். அவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டாம் தடவையும் கேட்டுப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் அவருக்கு ஞாபகம் வந்துவிடும், கதவும் சரியாகிவிடும் என்று நான் காத்திருந்தேன்.